பூண்டுவும் வாசல் சாக்குகளும்

இன்று காலை சந்தையில் கேரட் மூட்டைகளுக்கு நடுவே நடக்கும்போது நனைந்த சாக்கின் வாடை முகத்தில் அடித்தது. அலுப்பாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. நாய்க்குட்டியைச் சாக்கில் பழக்கலாம் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியதும் இதே வாடையில்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். மலையேற்றத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் எனக்குச் சோலியே இல்லை. பூண்டியிலிருந்து வெள்ளைப்பூண்டு ஏற்றிவந்த பக்கத்து அறை சேகர் அண்ணன், ஜீப்பிலிருந்து ஒரு குட்டியைச் சாக்கோடு தூக்கி என் கையில் கொடுத்தார். வெள்ளை நிறம், உருண்டை உடம்பு. பூண்டு என்றே பெயர் வைத்தேன். வீட்டுக்கார ஸ்டெல்லா அக்கா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "வச்சுக்கப்பா. ஆனா வீட்ட நாறடிச்சுச்சு, வந்த ஜீப்புலயே திரும்பிரணும். சொல்லிட்டேன்."

நான் விடுவேனா? நாய் பழக்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அதில் வரும் ஊர்களில் எல்லாம் வெயிலடிக்கிறது, புல் காய்ந்து கிடக்கிறது. இங்கே பூண்டுவை முற்றத்தில் இறக்கினால் ஈரத்தில் ஒரு காலை வைத்துப் பார்க்கும், நடுங்கும், உள்ளே ஓடிவந்து என் தலையணை ஓரமாகக் காரியத்தை முடிக்கும். விசில் ஊதினேன். பிஸ்கட் காட்டினேன். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மறுபடி தலையணைக்குப் போனது. கணப்புச் சட்டிமேல் தலையணை காயவைப்பதே என் முழுநேர வேலை ஆனது.

ஒருநாள், அது வந்த சாக்கு மூலையில் ஈரமாகக் கிடந்தது. பூண்டு அதைச் சுற்றிச் சுற்றி முகர்ந்து, தானாகவே அதன்மேல் உட்கார்ந்தது. பிறந்தது பூண்டுக் கொட்டகையில், சாக்குகளுக்கு நடுவில் அல்லவா! புல் எதற்கு, சாக்கு போதுமே. நடையில் சாக்கை விரித்தேன். அதில் போனால் மட்டும் பிஸ்கட். ஒரே வாரத்தில் என் அறை காய்ந்துவிட்டது. "பாத்தீங்களாக்கா, படிச்ச நாயி" என்று ஸ்டெல்லா அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் இந்த மலையில் சாக்குப் போடாத வாசல் கிடையாது. நான் படித்த ஹாஸ்டலில் சாக்கில் கால் தேய்க்காமல் உள்ளே நுழைந்தவனுக்குச் சாப்பாட்டு வரிசையில் கடைசி இடம். வார்டன் எங்கள் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்ப்பார், வணக்கத்தைக்கூடப் பாதங்களுக்குத்தான் வைப்பார். அத்தனை வருஷம் சாக்கை மிதித்து வளர்ந்தவனுக்கு அந்த நேரம் பார்த்து அது ஞாபகம் வரவில்லை, பாருங்கள்.

பூண்டு எங்கள் வரிசையில் ஒரு வாசலையும் விடவில்லை. "ஏலே, ஒன் நாயி வெள்ளனே வந்து என் வாசல்ல தீர்த்தம் தெளிச்சுட்டுப் போகுது, என்னான்னு கேளு" என்றார் சேகர் அண்ணன். அடுத்து ஸ்டெல்லா அக்கா வீட்டு ஜெபக்கூட்டம். பாஸ்டர் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸ் காலோடு சாக்கில் ஏறி நின்றார். பூண்டு அப்போதுதான் அதிலிருந்து இறங்கி, பிஸ்கட்டுக்காக என்னிடம் ஓடி வந்துகொண்டிருந்தது.

"சேகரு, ஜீப்பு பூண்டிக்கு என்னைக்குப் போகுது?" என்று கேட்டார் அக்கா.

"ஞாயித்துக்கிழமக்கா."

"இதையும் ஏத்திரு."

"அக்கா, அது சொன்னதத்தான் செய்யுது. நாந்தான் தப்பாப் பழக்கிட்டேன்" என்றேன்.

"அப்ப ஒன்னைய ஏத்தச் சொல்லவா?" என்றவர், என் காலடியில் வாலாட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மழை விடுற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள திருந்தலைன்னா ஜீப்புதான்."

அன்றே வாசல் வாசலாகப் போய்ச் சாக்குகளைச் சுருட்டினேன். அவற்றுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மிதியடிகள் போட்டேன். அவை சேற்றையும் துடைப்பதில்லை, நின்ற இடத்தில் நிற்பதுமில்லை. சேகர் அண்ணன் ஒருமுறை வழுக்கி விழுந்து, என் படிப்பைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஈரச்சாக்கு வாடை எங்கள் வரிசையை விட்டே போய்விட்டது. பூண்டு ஒவ்வொரு வாசலாக முகர்ந்துவிட்டு, நான்தான் எதையோ ஒளித்துவைத்தது போல என்னைப் பார்க்கிறது. அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தலையணைக்கே வருகிறது. எனக்கும் அதட்டத் தெம்பில்லை.

இரண்டு நாளாக மதியத்தில் வானம் லேசாக வெளுக்கிறது. ஸ்டெல்லா அக்கா வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார். நாளை விடிந்ததும் பேரிக்காய் மரத்தடிப் புல்லில் ஒரு சாக்குத் துண்டை விரித்து, பூண்டுவை அதில் இறக்கி, அது நனையாமல் குடை பிடித்து நிற்கப் போகிறேன். அதிலேயே போய்விட்டதென்றால் மறுநாள் துண்டைப் பாதியாக வெட்ட வேண்டும். அதற்கு மறுநாள் அதிலும் பாதி. இப்படியே, காலடியில் புல் மட்டும் மிஞ்சும் வரைக்கும்.