சீட்டுக்குப் பின்னால் இரண்டு சப்வூஃபர்

அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. நாவலப்பிட்டியிலிருந்து கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற என் பிக்கப்புக்கு சப்வூஃபரும் அம்ப்ளிஃபயரும் வாங்கப் போகிறேன்! கோவாவும் லீக்ஸும் பாட்டுக் கேட்டுக்கொண்டா வரப்போகின்றன என்று சந்தையில் எல்லோரும் கேலி செய்தார்கள். செய்யட்டும். அவர்களுக்கு என் மனைவியைத் தெரியாது.

கேட்டது அவள்தான். அவளுடைய தம்பிக்குக் கண்டியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணை மடுல்கெல்லைக்கு, என் மனைவியும் தம்பியும் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு, அழைத்துப் போக வேண்டும். அவர்களுடைய வேனுக்கு முன்னால் எங்கள் பிக்கப் பாட்டோடு போகும். "நான்தான் ஊமை வேன்ல வந்தேன். என் தம்பியாவது சத்தமாப் போகட்டுமுங்க" என்றாள்.

ஊமை வேன் என்று அவள் சொன்னது எங்கள் கல்யாண வேனை. எங்கள் கல்யாணம் நடந்த வாரம்தான் கண்டி டவுனில் கலவரம் நடந்து, இரண்டு தமிழ்க் கடைகளை எரித்திருந்தார்கள். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி அவளைக் கண்டிக்கு அழைத்து வந்தபோது வேனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பன்வில தாண்டியதும் ட்ரைவரிடம் அதை நிறுத்தச் சொன்னவன் நான்தான். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டேன். கண்டி வரும்வரை பட்டுச் சேலை கட்டிய பெண்ணும் மாலை போட்ட மாப்பிள்ளையும் வாய் திறக்கவில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவள் அதை மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு யுத்தம். அந்த வருடங்களில் எங்கள் ஆட்களில் வண்டி ஓட்டிய எல்லோருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சோதனைச் சாவடி கண்ணில் படுவதற்கு முன்பே தமிழ்ப் பாட்டைக் குறைக்கக் கை தானாக ரேடியோக் குமிழுக்குப் போய்விடும். சிலர் ஆத்திர அவசரத்துக்கு என்று ஒரு சிங்களப் பைலா கசெட்டையும் கையெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள். இப்போது சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. சாவடிகளின் தகரப் பீப்பாய்கள் ஒவ்வொன்றாக ஓரத்துக்கு உருண்டுகொண்டிருந்தன. சப்வூஃபர் வாங்க இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்?

கடை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது. முதலாளி முஸ்லிம், என்னைவிட மூத்தவர்; அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவேன். சுவர் முழுக்கக் கறுப்புக் கறுப்பாக வட்டங்கள். எட்டு அங்குலம், பத்து, பன்னிரண்டு, அம்மிக்கல் கனத்தில் பதினைந்து. எனக்கு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது; தொட்டும் பார்த்தேன்.

"பெட்டில அடிச்சி ஈக்கிற வொட்டுக் கணக்கப் பாக்க வாணாம், அது சும்மா பொய்" என்றார் நானா. "ஒங்கட வண்டீல சீட்டுக்குப் பின்னுக்கு எவ்ளோ எடம் ஈக்கி? அத செல்லுங்க மொதல்ல."

ஒரு சாணும் நாலு விரலும் என்றேன். பதினைந்து அங்குலம் அந்த இடத்திலேயே செத்தது. மிச்சம் மூன்று: சீட்டுக்குக் கீழே போகிற எட்டு அங்குலம் ஒன்று, ஓட்டை வைத்த பெட்டியில் பன்னிரண்டு ஒன்று, காற்றுப் போகாமல் அடைத்த பெட்டியில் பத்து அங்குலம் இரண்டு. மூன்றையும் ஒரு பலகையில் இணைத்து, சுவிட்சைத் தட்டித் தட்டி மாற்றிக் கேட்கலாம்.

மனைவி கைப்பையைத் திறந்து ஒரு கசெட்டை எடுத்தாள். தோட்டத்துத் திருவிழாவில் தப்படித்ததை யாரோ டேப்பில் பிடித்தது. "இது நல்லாக் கேட்டா எல்லாம் நல்லாக் கேக்கும்" என்றாள். கசெட் ஓடியது. நான் எட்டைக் கேட்டேன், பன்னிரண்டைக் கேட்டேன், பத்தைக் கேட்டேன். மறுபடி எட்டு. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். சத்தியமாக எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. இருந்தாலும் பெரிய ஞானி போலத் தலையை ஆட்டி, "எட்டே போதும் நானா, இடமும் மிச்சம்" என்றேன்.

நானா என் கையைப் பார்த்தார். அது குமிழின் மேல் இருந்தது. குமிழ் ஆரம்பித்த இடத்திலிருந்து ஒரு நெல்லளவுகூட நகரவில்லை.

"இந்தச் சத்தத்துக்கு ஒங்களுக்கு சப்வூஃபர் எதுக்கு? ஊட்டுல ஈக்கிற ட்ரான்ஸிஸ்டரே போதும்" என்றார். "வந்ததுல இருந்து பாக்கிறன், ரெண்டு பேரும் அடிக்கடி ரோட்டப் பாக்கிறீங்க. யாரு வாராங்க?"

யாரும் வரவில்லை. சப்வூஃபர் வாங்க வந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துச் சோதித்த ஆள் இலங்கையிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் எரிச்சலும்.

நானா என் கையை விலக்கிவிட்டுக் கண்ணாடிக் கதவை அகலத் திறந்து வைத்தார். குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினார். அப்பப்பா! அலுமாரிக் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. எட்டு அங்குலம் இருமத் தொடங்கியது. பன்னிரண்டு உறுமியது, ஆனால் அடிக்கு அடி பிரித்துக் காட்டவில்லை. இரட்டைப் பத்துக்கு மாற்றியதும் தப்பின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து என் நெஞ்சில் விழுந்தது. மனைவி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இதுதாங்க, இதேதான்!" என்று கத்தினாள். வாசலில் மூன்று த்ரீவீல்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கை மறுபடி குமிழைத் தேடிப் போனது. அவர்களில் ஒருவன் கட்டைவிரலைத் தூக்கி, "எள கிரி!" என்றான். சிங்களப் பொடியன்கள் ஒன்று பிரமாதம் என்றால் அப்படித்தான் சொல்வார்கள்.

இரண்டையும் சேர்த்து இணைத்தால் சூடாகாமல் தாங்குகிற அம்ப்ளிஃபயரை நானாவே தேர்ந்து தந்தார். பெட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்து, தடித்த வயர் இழுத்து, இரண்டு நாளில் எல்லாம் பூட்டியாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டேனா என்று எனக்கு ஞாபகமில்லை.

கல்யாணத்தன்று பின்னேரம் புறப்பட்டோம். முன்னால் நாங்கள், பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் வேனில். தப்பு முழங்க, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நடந்து போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ராஜா மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். வத்தேகம தாண்டி ஒரு வளைவு. அதைத் திரும்பினால் பழைய சாவடி. பீப்பாய்கள் ஓரத்தில் கிடந்தன, ஆனால் ஒரே ஒரு ஆமிக்காரன் மட்டும் இன்னும் அங்கே நின்றான். நாங்கள் திரும்பும்போதே பாட்டு நின்றிருந்தது. நான்தான் குறைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

அவன் கையை நீட்டி நிறுத்தினான். கல்யாண வண்டி, சேர், அடையாள அட்டை இருக்கிறது என்று சிங்களத்தில் உளறினேன். அவன் சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். எத்தனை அங்குலம் என்று கேட்டான். பத்து, இரண்டு, என்றேன். அவனுடைய அண்ணன் த்ரீவீலுக்கு ஒன்று தேடுகிறானாம். வளைவுக்கு அந்தப் பக்கமே கேட்டது, ஏன் நிறுத்தினீர்கள், கூட்டிப் போடுங்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.

குமிழில்தான் கை இருந்தது. திருப்ப வேண்டியதுதான். விரல் அசையவில்லை. அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் வேனில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், என்னால் முடியவில்லை.

"விடுங்க" என்றாள் மனைவி. என் விரல்களை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, குமிழை அவளே திருப்பினாள். பாதிக்கு மேல், அதற்கும் மேல். வேனுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. ஆமிக்காரன் கதவில் கையை வைத்து அதிர்வைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையசைத்தான்.

பன்வில வந்தது. ஒரு காலத்தில் பாட்டை நிறுத்தச் சொன்ன இடம் எது என்று தேடினேன். அவளிடம் கேட்கலாம் என்று பார்த்தால், அந்தச் சத்தத்தில் நான் கேட்பது அவளுக்குக் கேட்காது. மடுல்கெல்லை வரும்வரை அவள் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.