கிளாடின் என்றால் என்ன அர்த்தம்?

போன ஞாயிறு பாளையம்பட்டியில் ஒரு ஞானஸ்நான விருந்து. பெண் குழந்தை. என்ன பேர் வைக்கலாம் என்று ஊரையே கேட்டிருக்கிறார்கள்... என்னைத் தவிர!

கோபித்துக்கொள்ள முடியாது. தப்பு என் பேரில்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். பெண் கிளாடின், டீச்சர். அப்பா அந்தோணி விசைத்தறி ஓட்டுகிறவர். பிரசவம் பார்த்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியின் பேரையே மகளுக்கு வைத்துவிட்டார். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போய், மனுஷர் நொந்திருந்தார். அப்போது நான் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். படித்தவன் என்று பேச்சுத்துணைக்குக் கூப்பிட்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அத்தை கேட்டார்: "அதென்னங்க, வாயில நுழையாத பேரு? என்ன அர்த்தம்?"

அந்தோணி முழித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பேர் அகராதியை அப்போதுதான் கரைத்துக் குடித்திருந்தேன். விடுவேனா?

"பிரெஞ்சுப் பேரு. மூலம் லத்தீன். அர்த்தம் வந்து... நொண்டி."



"நெனச்சேன்!" என்றார் அத்தை. "காபித் தட்டோட வரும்போதே மெதுவாத்தான் வந்துச்சு. தாயி, வாசல் வரைக்கும் நடந்து காட்டுத்தா."

கிளாடின் நடந்தாள். "இன்னொருக்கா." நடந்தாள். மூன்றாம் தடவை கேட்டபோது நின்றுவிட்டாள். அந்தோணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"சார், அவுக பேருக்கும் அர்த்தம் சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

மாப்பிள்ளை பேர் சின்னப்பராஜ். பவுல் என்ற பேரைத்தான் நம்மூர் கத்தோலிக்கர்கள் சின்னப்பர் என்கிறார்கள். சொன்னேன்: "பவுல்னா... சின்ன ஆளு."

"அப்ப அவுகளும் செவுத்தோரமா நிக்கட்டும். எங்கப்பா அளந்து பாத்துக்கிருவாக."

போச்சு, மூன்றாவது வரனும் போச்சு என்று நினைத்தேன்.

சின்னப்பராஜ் எழுந்தார். ஆறடி! வரும்போதே நிலைப்படியில் குனிந்துதான் வந்திருந்தார். சுவரில் முதுகை ஒட்டி, விறைப்பாக நின்றார்.

"அளந்துக்கங்க மாமா. எனக்குச் சம்மதம்."

அத்தையே சிரித்துவிட்டார்.

ஆள் எதிரிலேயே நிற்கும்போது பேருக்கு எதற்கு அர்த்தம் தேட வேண்டும்? கேட்கிறேன்... சரி, அதை நான் கேட்பதுதான் வேடிக்கை.

விருந்தில் கிளாடினே பரிமாறினாள். மெதுவாகக் கேட்டேன், "பாப்பாவுக்கு என்ன பேரும்மா?"

"நல்லாச் சாப்பிடுங்க சார். நீங்க பஸ்ஸு ஏறுனப்புறம் சொல்றேன்!"