ஞாயிறுகளில் எழுப்புகிறவள்

ஹெப்சிபா சர்ச்சுக்குப் போய் எட்டு மாதமாகிறது. வேறு சபையில் சேர்ந்துவிட்டாள் என்று கொசப்பாளையத்தில் பேச்சு. ஆராதனை முடிந்து தெருவில் போகிறவர்கள், லேப்டாப் முன்னால் தனியாகப் பேசிக்கொண்டிருப்பவளை ஜன்னல் வழியாகப் பார்த்து, ஆன்லைன் ஜெபக்கூட்டம் என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

அவள் சர்வர்களைக் குடிமாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பேர். சென்னையில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி பழையதை விட்டுப் புதியதற்கு மாறுகிறது. கம்பெனி மூடியிருக்கும் ஞாயிறுதான் அதற்குத் தோது. டீமில் மற்றவர்களுக்குப் பிள்ளை குட்டிகள் இருந்தன. "ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன்" என்று முதல் மீட்டிங்கில் சொன்னவள் அவள்தான். கணவன் டேனி இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஞாயிறுகளை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள்.

இன்று அறுப்பின் பண்டிகை. வீட்டுக்கு வீடு பூசணி, கோழி, நெல் என்று காணிக்கை வரும். ஆராதனைக்குப் பின் ஏலம். கொடுத்தவர் பேரைச் சொல்லித்தான் ஏலம் விடுவார்கள். அவர் எழுந்து நின்று சபையைக் கும்பிட வேண்டும். ஹெப்சிபா தன் மரத்துப் பப்பாளியை, சபையில் இன்னும் அவளோடு பழகுகிற ஜாக்குலினிடம் நேற்றே கொடுத்தனுப்பியிருந்தாள். பேர் சொல்லும்போது ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டால் போதும், பேச்சு அடங்கிவிடும்.

பத்தரைக்குள் நான்கு சர்வர்கள் எழுந்துவிட்டன. ஐந்தாவது, ஆர்டர் எடுக்கும் சர்வர், டிஸ்க்கைக் காணோம் என்று கறுப்புத் திரையில் சொல்லிவிட்டு நின்றது.

அவளுக்குப் பழகிய நோய்தான். புதிய இடத்தில் டிஸ்க்குக்குப் போகிற வழி வேறு. அந்த வழி தெரிந்த டிரைவர் சர்வர் கண் விழிக்கும்போதே கையில் இருக்க வேண்டும். எழாத சர்வரை மீட்பு சிடியிலிருந்து ஏற்றி, உள்ளே நுழைந்து, விழிக்கும்போது படிக்கிற கோப்பை அந்த டிரைவரோடு மறுபடி கட்ட வேண்டும். இருபது நிமிஷ வேலை.

"எவ்ளோ நேரம் ஆகும் மேடம்?" வேளச்சேரி வீட்டிலிருந்து ஆன்லைன் மீட்டிங்கில் இருந்த மேனேஜர் ஹேமநாத் கேட்டான். பின்னால் குக்கர் விசிலடித்தது.

"அரை மணி நேரம்."

"உங்க கை பட்டா எழுந்துடும். நான் ம்யூட்ல இருக்கேன்."

ஜாக்குலின் போன் செய்தாள். "இன்னாக்கா, பாஸ்டர் ஐயரு பிரசங்கத்தையே ஆரம்பிச்சிட்டாரு. இன்னா பண்ணிகினு இருக்க?"

"பட்டுப்புடவை கட்டிகினு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துகினு இருக்கேன்."

"பொண்ணு பாக்க வராங்களா? ஜல்தி வாக்கா."

கோப்பைக் கட்டி, சர்வரைத் திரும்ப ஏற்றினாள். டிஸ்க்கைக் காணோம். டிஸ்க்கின் பேரைச் சரிபார்த்தாள். அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். காணோம். பழைய இடத்திலிருந்து டிஸ்க்கைப் பிரதி எடுத்ததே கெட்டுப்போயிருக்குமோ என்று தோன்றியது. மறுபடி எடுக்க மூன்று மணி நேரமாகும். பக்கத்து வீட்டு நெசவாளர் அருணகிரியின் தறிச் சத்தம் நின்றிருந்தது; அவர் சாப்பிடப் போயிருந்தார்.

பன்னிரண்டேகாலுக்குத்தான் கண்ணில் பட்டது. அவள் கட்டிய கோப்பின் பேரில் இருந்த பதிப்பு எண் அந்தச் சர்வரில் ஓடும் லினக்ஸினுடையது அல்ல. மீட்பு சிடியினுடையது. கட்டளையில் எண்ணைக் கொடுக்காவிட்டால், அப்போது ஓடிக்கொண்டிருப்பது எதுவோ அதற்குத்தான் கட்டும். ஓடிக்கொண்டிருந்தது சிடி. பழைய லினக்ஸ், தவறு என்றுகூடச் சொல்லவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் எழுதிக் கொடுத்திருக்கும் குறிப்பில் முதல் வரியே, எண்ணைக் கொடு என்பதுதான்.

எண்ணைக் கொடுத்தாள். கட்டி முடிவதற்குள் போன்.

"அக்கா, உன் பப்பாளி ஏலம் போயிடுச்சி. ராபர்ட் அண்ணன் எடுத்தாரு."

"பேர் சொன்னாங்களா?"

"ரெண்டு வாட்டி சொன்னாங்க. சூர்யகலா டீச்சர், அவங்கதான் இப்ப நம்ப சபை இல்லியேன்னாங்க. பேஜாராப் போச்சி. நானே எழுந்து உனக்காகக் கும்பிட்டேன். சிரிச்சிட்டாங்க."

"சரி."

"சாப்பாட்டுக்காவது வா."

சர்வர் எழுந்தது. பேரும் பாஸ்வேர்டும் கேட்டது. உள்ளே போய் ஆர்டர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்க ஒன்றேமுக்கால் ஆனது. எல்லாம் இருந்தன.

"சூப்பர் மேடம்" என்றான் ஹேமநாத். "எல்லாரும் கிளம்பலாம்." திரையில் பேர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியாக அவள் பேர் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதையும் அணைத்தாள்.

சர்ச் மூன்று தெரு தள்ளி. போனபோது மணி இரண்டு. ஹாலில் நாற்காலிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். ஜாக்குலின் மாமியாரோடு களம்பூர் பஸ்ஸுக்குப் போய்விட்டதாக மெசேஜ் வந்திருந்தது. சமையல்காரர் கூட்டி வந்த பூங்காவனம் மட்டும் அண்டாவைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரியாணி அடிதாம்மா கீது. பரவால்லியா?"

"பரவால்லைங்க."

சுரண்டி ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஹெப்சிபா அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவிப் போட்டு உட்கார்ந்தாள். பூங்காவனம் அவள் புடவையைப் பார்த்தாள்.

"பண்டிகைக்கு வெளியூர்லேர்ந்து வந்தீங்களா? எந்த ஊரு?"

வாய் நிறையச் சோறு. ஹெப்சிபா இடது கையால் தன் தெருப் பக்கம் காட்டினாள். பூங்காவனம் எட்டிப் பார்த்தாள்.

"கார் நிக்கிதா? அப்ப மெதுவாவே சாப்புடுங்க" என்றாள்.