பிளாஸ்டிக் புல்லில் ஒரு கூடு

தொழிற்சாலைகளுக்குப் போன மதியச் சாப்பாட்டு டப்பாக்கள் காலியாகத் திரும்பும் நேரத்தில் சுசுனோ அம்மாவின் சாப்பாட்டுக் கடையை விட்டு அசையமாட்டாள். கழுவப் போடுமுன் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் மீனுக்கும் ஊறுகாய்க்கும் நடுவே தடுப்பாகச் செருகிய, புல் போல வெட்டிய பச்சை பிளாஸ்டிக் தாளைக் கிள்ளி எடுப்பாள். அதில் சோயா கறை இருக்கும். சிலதில் பல் தடம்கூட இருக்கும்.

"குப்பை பொறுக்கத்தான் காலேஜுக்கு அனுப்பினேனாடி?" என்பாள் அம்மா கிமியே. "அதுக்கு முனிசிபாலிட்டி வண்டி வருதே."

"வண்டிக்காரங்க இதை நட்டு வெக்கமாட்டாங்கம்மா."

அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் சுசுனோ. படித்தது சிற்பம். ஒருநாள் கடையில் பிளாஸ்டிக் புல் தீர்ந்துபோய், அது இல்லாமலே டப்பாக்களை அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் நாலைந்து பேர் போன் செய்து, "இன்னிக்கு அவசரமா கட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் மீன் கெடாமலிருக்க நிஜ இலை வைத்தார்கள். இலை போய்விட்டது, அதன் உருவம் மட்டும் பிளாஸ்டிக்கில் தங்கிவிட்டது. பிளாஸ்டிக் எந்த மீனையும் கெடாமல் காப்பதில்லை. ஆனாலும் அது இல்லையென்றால் ஏன் சோறே அரைகுறையாகத் தெரிகிறது? அன்றைக்குப் பிடித்துக்கொண்ட அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

மீன்கடை ஓட்டாகே தூக்கிப்போடும் தெர்மோகோல் பெட்டிகளை அறுத்துப் பலகையாக்கி, புற்களை ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தாள். கொல்லையிலுள்ள திறந்த கொட்டகையில் வெயிலும் சாரலும் பட்டு, இரண்டு வருடத்தில் அது வெளிறிய ஒரு புல்வெளியானது. இது கலையா, இல்லை, படித்ததனால் பேர் வைக்கத் தெரிந்த குப்பையா என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும்.

நீகாத்தா நகரத்துச் சின்னக் கலைக்கூடத்திலிருந்து மிசாவா என்ற அம்மையார் வந்து பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் தனிக் கண்காட்சி வைக்கலாம் என்றார். சுசுனோவுக்கு அதுதான் முதல் கண்காட்சி.

கண்காட்சிக்கு அனுப்பப் பலகைகளைக் கட்டப் போன அன்றுதான் அதைக் கண்டாள். புல்வெளி நடுவே, நாலைந்து பிளாஸ்டிக் தாள்களைச் சேர்த்துப் பிடித்தபடி, காய்ந்த நுரை மாதிரி ஒரு கட்டி. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு.

ஓட்டாகே பெட்டியோடு வந்தவர் குனிந்து பார்த்தார். "இவ்வளவு தாழ்வா கட்டியிருக்கு. இந்த வருஷம் பனி கம்மிதான்." அந்த ஊரில் எல்லாரும் கூட்டின் உயரத்தை வைத்துத்தான் பனியைக் கணிப்பார்கள்.

"கொட்டகைக்குள்ள இருக்கிற பூச்சிக்குப் பனி எங்க தெரியும்?" என்றாள் கிமியே. "நாளைக்கு உங்க கூரையில ஏறிப் பனி தள்ளும்போது இதையே துணைக்குக் கூப்பிடுங்க அண்ணே."

சுசுனோ சிரிக்கவில்லை. அவள் யோசனை வேறெங்கோ இருந்தது. பூச்சி ஏமாந்துபோனதா? இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு தண்டு கிடைத்தால் போதும், அது எதனால் ஆனது என்று அதற்குக் கவலையே இல்லையா?

சுசுனோ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் மிசாவா உடனே போனில் கூப்பிட்டார். "கூட்டை அப்படியே கொண்டு வாங்க. பத்திரிகைக்காரங்க இதுக்காகவே வருவாங்க. உங்க கேள்விக்கு இயற்கையே பதில் சொல்லியிருக்கு பாருங்க."

"அங்க ஹீட்டர் போடுவீங்களா மேடம்?"

"ஜனவரியில போடாம? ஏன்?"

பள்ளியில் ஒரு பையன் இப்படியொரு கூட்டை வகுப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தது சுசுனோவுக்கு ஞாபகம் வந்தது. வசந்தம் வந்துவிட்டதென்று நினைத்து, வெளியே பனி கொட்டும்போதே நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் இறங்கின. தின்ன ஒரு பூச்சியில்லை. அந்த வாரமே எல்லாவற்றையும் துடைப்பத்தால் கூட்ட வேண்டியதாகிவிட்டது.

அவள் அதைச் சொல்லக் கேட்டும் மிசாவா விடவில்லை. "அந்தக் கூடு இல்லாட்டி இது வெறும் பிளாஸ்டிக் புல்லுதானே சுசுனோ. நல்லா யோசிங்க."

இரண்டு வருடமாக அவள் பயந்துகொண்டிருந்தது இதே வாக்கியத்துக்குத்தான். போனை வைத்துவிட்டு வெகுநேரம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அறுப்புக்கத்தியை எடுத்து, கூட்டைச் சுற்றி உள்ளங்கையளவு தெர்மோகோலோடு வெட்டி எடுத்து, வேலிச்செடியின் கிளையில் கட்டினாள்.

"இப்ப நடுவுல பொத்தலா இருக்கே. அடைச்சுக் குடுக்கட்டுமா?" என்றாள் கிமியே. "புல்லு நிறைய இருக்கு."

"வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்."

கண்காட்சிக்கு எந்தப் பத்திரிகையும் வரவில்லை. வந்த சிலர் அந்தப் பொத்தலருகே குனிந்து, "இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டார்கள். கூட்டின் கதையை மிசாவாதான் சொன்னார், சொல்லச் சொல்ல அவருக்கே அது பிடித்துப்போனது. அந்த வருடம் பனி மார்பளவு விழுந்தது. ஓட்டாகே பூச்சியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

மே மாதக் காலையொன்றில் கிமியே கத்தாத குறையாக மகளை எழுப்பினாள். வேலியில் கூடு பிளந்து, கொசு அளவுக் குஞ்சுகள் நூலில் தொங்கின. சில இலைக்குப் போயின. ஒன்று மட்டும் வெளிறிய பிளாஸ்டிக் தாளின் நுனியில் ஏறி, கைகளை மடக்கி நின்றது.

"அதுக்குப் பிளாஸ்டிக்குன்னு தெரியுமாடி?" என்று கிசுகிசுத்தாள் அம்மா.

"அதைத்தாம்மா நானும் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் சுசுனோ.