விசிலக்காவின் புதுத் தாடை

அவள் விசில் அடித்தால் அடுத்த தெருவில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். அதனால் டிப்போவில் அந்தப் பெண் கண்டக்டருக்கு விசிலக்கா என்றே பெயர். அவளுடைய கீழ்த்தாடையில் கட்டி வந்தது. எலும்போடு சேர்த்து எடுத்துவிட்டு, காலிலிருந்து ஒரு மெல்லிய எலும்பைத் தோல், சதை, ரத்தக்குழாயோடு கொண்டுவந்து பொருத்த வேண்டும் என்றார் டாக்டர்.

"அப்புறம் நடக்க முடியுமா?"

"முடியும்மா. பாரம் தாங்குறது பக்கத்துல இருக்குற பெரிய எலும்பு."

"விசில் ஊத முடியுமா?"

"பார்ப்போம்" என்றார் டாக்டர். அக்காவுக்கு அந்தப் பதில் துளியும் பிடிக்கவில்லை.

புதுத் தாடை வந்தது. ஒரு கன்னம் உப்பி, கழுத்துவரை தழும்பு ஓடியது. வாய்க்குள் போன கால் தோல் இடம் மாறியது தெரியாமல் முடி வளர்த்தது. "வாய்க்குள்ள சவரம் பண்ற பொம்பளை உலகத்துல நான் ஒருத்திதான்" என்று அவளே சிரித்தாள். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

"உயிர் பொழைச்சதே பெரிசு. பேசாம வீட்ல இரு."

பேசாமல் இருக்கிற ஆளா அவள்? விசிலை வாயில் வைத்து ஊதினாள். மரத்துப்போன உதட்டோரம் வழியாகக் காற்று புஸ்ஸென்று போனது, எச்சில் தெறித்தது. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வரும்வரை தினமும் ஊதினாள். உதட்டோரத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் சத்தம் வரும் என்று கண்டுபிடித்த அன்று, சந்தோஷத்தில் ஓவென்று அழுதாள்.

டிப்போ மேலாளர் தங்கமான மனிதர். மறுபடி வேலைக்கு வந்து நின்ற அக்காவுக்கு அதுதான் எரிச்சல்.

"இனிமே நீங்க ஏன் வெயில்ல அலையணும்? உள்ரூம்ல ஃபேனுக்குக் கீழ நாற்காலி போட்டுத் தரேன். பஸ் கூட்டத்துல விசில் வேற ஊதணுமே, முடியுமா?"

அக்கா உதட்டோரம் விரலை வைத்து ஒரே ஊதல். வெளியே நின்றிருந்த பஸ், தனக்குத்தான் விசில் என்று கிளம்பியேவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த அதன் கண்டக்டர் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

மேலாளர் காதிலிருந்து கையை எடுத்தார். "விசில் சரிதாம்மா. ஆனா உங்க முகத்தப் பாத்து ஜனங்க பயந்துட்டா?"

"பயந்தா டிக்கெட்டாவது ஒழுங்கா எடுப்பாங்க சார்" என்றாள். புதுத் தாடையில் வார்த்தை கொஞ்சம் குழறியது, குரல் குழறவில்லை. "உள்ரூம்ல ஒளிச்சு வைக்கவா கால் எலும்ப எடுத்து எனக்கு முகம் செஞ்சாங்க? எந்த ரூட்டுன்னு சொல்லுங்க."