சில்லறை குலுங்கும் எஞ்சின்

ஐம்பதைத் தாண்டியவனுக்கு பைக் ரேஸ் எதற்கு என்று திருவண்ணாமலையில் என்னைக் கேட்காத வாய் இல்லை. கேட்காத ஒரே ஆள் என் மனைவி. அவளும் இப்போது பெங்களூரில், மகள் வீட்டில், பேத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்தில் பந்தயம். இந்த முறை ஆசை மீறி, சிலிண்டர் ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சிறிது இழைத்துவிட்டேன். எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறினால் வேகம் ஏறும். ஆனால் சாதா பெட்ரோல் அந்த அழுத்தம் தாங்காமல் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். அப்போது மெல்லியதாக ஒரு கிணுகிணுப்பு வரும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகி, ஒரு வருஷ உழைப்பும் புகையாகப் போய்விடும்.

ஹெல்மெட்டுக்குள் அது கேட்காது. வெளியில் நின்று கேட்கவும் என் காது லாயக்கில்லை. அச்சகத்தில் மிஷின் ஓட்டியே மந்தமாகிவிட்டது. முன்பெல்லாம் கீழ்பென்னாத்தூர் ரோட்டில், சிறு பாலத்தின் கட்டைச்சுவரில் என் மனைவி வேர்க்கடலை கொறித்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் முழு வேகத்தில் அவளைக் கடந்து, எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்புவேன். "சில்லறை குலுங்குதுங்க" என்பாள், இல்லையென்றால் கடலை கொறிப்பதைத் தொடர்வாள். பிறகு இருவரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்போம். வெளுத்திருந்தால் சூடு ஜாஸ்தி, டீ நிறம் என்றால் சரி.

இப்போது அந்தச் சுவரில் போனை வைத்துப் பதிவுசெய்து அவளுக்கு அனுப்புகிறேன். முதல் பதிவுக்கு, குக்கர் விசில் சத்தத்தோடு பதில் வந்தது.

"கம்மியாத்தான் கேக்குது. ஆனா குலுங்குதுங்க. பெட்ரோல மாத்துங்க."

டேங்கைக் காலி செய்தேன். அழுத்தம் தாங்கும் உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பங்க்குக்குப் போகலாம் என்றால் அன்று பௌர்ணமி, வண்டிகளை விடவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு கிரிவலக் கூட்டத்துக்கு எதிரே நடந்தேன். அத்தனை பேரும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தேவையில்லாமல் அவர்கள்மேல் எரிச்சல் வந்தது.

மறுநாள் விடிந்ததும் ஓட்டிப் பார்த்து, பதிவை முழுதும் கேட்காமலே அனுப்பிவிட்டேன். இந்த முறை அவளே போன் செய்தாள்.

"இப்ப சுத்தமா இருக்கு. தாராளமா ஓட்டுங்க. ஆமா, கூட யாரு வந்தது?"

"யாரும் வரலையே."

"வண்டியத் தள்ளிட்டு வந்து, பிளக்கக் கழட்டி, 'இந்தா பாரு, டீ கலர் வந்துடுச்சு, தொடாத, சுடும்'னு யார்கிட்ட சொன்னீங்க?"

எனக்கு நினைவே இல்லை. சும்மா உளறியிருப்பேன் என்றேன்.

"போன எங்க வெச்சீங்க?" என்றாள்.

"நீ உக்கார்ற எடத்துல."