துபாய் விலை, மதுரை விலை

அன்று மதுரையில் அந்தக் கார் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் கூட்டாளியின் மனைவி, அவருடைய தம்பி, டை கட்டிய விற்பனைப் பையன், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பணம் வாங்கும் அம்மா. கூட்டாளியின் மனைவி மடியில் இருந்த மூன்று வயசு மகளைச் சேர்த்தால் ஆறு. கூட்டாளி துபாயில் இருந்தான். தம்பியின் செல்போன் வழியாக ஒரே ஒரு முறை வந்து போனான். இவ்வளவு சரியாக எழுதக் காரணம், அன்று யார் இருக்கும்போது என்ன பணம் கைமாறியது என்பது பிறகு பெரிய பேச்சாகிவிட்டது.

அவனும் நானும் ஏழாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. எங்கள் குடும்பத்துக்கு நயினார்கோவில் பக்கம் விவசாயம். அய்யா பிழைப்புக்காகப் பாம்பனுக்கு வந்தபோது என் பள்ளிக்கூடமும் அங்கே, அவன் பெஞ்சுக்கு மாறியது. ஏழோடு நான் நின்றுவிட்டேன். பரீட்சைத் தாளைத் திருப்பித் தரும் நாள் வந்தால் எனக்கு முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். அவன் பத்து வரை போனான், பிறகு பம்பாய், பிறகு துபாய்.

அங்கே அவனுக்குக் கார் விற்கும் கடையின் முற்றத்தில் வேலை. பாலைவன ஊர், மணல் வந்து படிந்துகொண்டே இருக்கும். கடை திறக்குமுன் அத்தனை காரையும் துடைத்து நிறுத்த வேண்டும். இரண்டே கதவு வைத்த சிவப்புக் கார் ஒன்று நின்றதாம். அதைத் துடைக்கும்போது மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டுமாம். "அது வெலைக்கு ராமநாதபுரத்துல ஒரு தெருவ வாங்கலாம் மாப்ள. ஒரு தடவ கூட உள்ள ஒக்காந்ததில்ல" என்பான்.

நான் அம்பாசிடர் ஓட்டினேன். சொந்த வண்டி. ராமேஸ்வரம் வரும் யாத்திரைக்காரர்களைத் திருப்புல்லாணி, தேவிபட்டினம் என்று சுற்றிக் காட்டுவேன். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டேன். பாம்பன் பாலத்தில் ஏறுமுன் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிடுவேன். காற்றுக்காக என்று சவாரிக்குச் சொல்வேன். உண்மையில், வண்டி கடலில் விழுந்தால் வெளியே வர வழி வேண்டுமே என்றுதான். பாலம் திறந்த வருடத்திலிருந்து அப்படித்தான். ஒரு நாளும் விழவில்லை.

கடைசியில் அம்பாசிடரில் போட்ட காசு திரும்பாமல் போனது. அதை ஐம்பத்தெட்டாயிரத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியில் வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அவன் போன் செய்தான்.

"மாப்ள, வீட்டுக்கு ஒரு காரு எடுத்துப் போடுறேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு புள்ளைக அலையுதுக. நீதான் ஓட்டணும், மாசச் சம்பளம். எனக்கு அங்கன ஒன்னைய விட்டா யாருலே இருக்கா?"

எனக்கும் அவனை விட்டால் வேறு வழி இல்லை.

காரையும் அவனே முடிவு செய்திருந்தான். நம் சென்னைப் பக்கத்தில் செய்து கப்பலில் துபாய்க்குப் போகிற சின்னக் கார். அவன் தினமும் துடைப்பது. கண்ணாடியில் விலை ஒட்டியிருக்கும், முப்பத்து மூவாயிரம் திர்ஹம். அதைப் பன்னிரண்டரையால் பெருக்கி, வரி கிரிக்கு என்று கொஞ்சம் மேலே போட்டு, நாலரை லட்சத்துக்கு மனைவி பேரில் அனுப்பிவிட்டான். ரூபாயில் விலை என்ன என்று ஒருவரையும் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் தேங்காய் விலையைக்கூட அப்படித்தான் பார்ப்பார்கள்.

வண்டி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் நான் ஒரு வாரம் முன்னதாகவே தனியாக மதுரைக்குப் போய், இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தேன். கிளம்பும்போது விற்பனைப் பையன் காதருகே வந்து, "வண்டி முடிஞ்சா ஒங்களுக்கு மூவாயிரம் தனியா வந்துரும்ணே" என்றான். வண்டி வாங்கக் கூட்டிவரும் டிரைவருக்குக் கடைக்காரர்கள் கொடுப்பதுதான். நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டேன்.

அடுத்த வாரம் எல்லோரும் போனோம். பையன் விலைத்தாளை விரித்தான். ஒரே காருக்கு மூன்று விலை. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வர நாலு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம், ஐந்து லட்சத்து ஐந்தாயிரம், ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

"கீழ உள்ளதுல என்ன இருக்காது?" என்று கேட்டார் கூட்டாளியின் மனைவி. நான் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏசியும் பவர் ஸ்டீயரிங்கும் இருக்காதுக்கா. நடுவுல உள்ளதுல ரெண்டும் இருக்கு. முன் கண்ணாடி பட்டன்ல எறங்கும்."

"மேல உள்ளது?" என்றான் தம்பி.

"அது ஸ்போர்ட்ஸ் மாடல் சார். பின்னாடி எறக்கை, அலாய் வீலு, பக்கத்துல கோடு, செவப்புத் தையல் போட்ட சீட்டு."

"வேகமாப் போகுமா தம்பி?" என்று நான் கேட்டேன்.

"இஞ்சின் மூணுக்கும் ஒண்ணுதாண்ணே."

"பெறகு எதுக்கு எம்பத்தஞ்சாயிரம் கூட?"

"பாக்க வேகமா இருக்கும்ணே."

தங்கச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் செல்போன் அடித்தது. தம்பி கொஞ்ச நேரம் தள்ளி நின்று பேசிவிட்டு என்னிடம் நீட்டினான்.

"வெல கூட இருக்குடா" என்றேன். மூன்று விலையையும் சொன்னேன்.

"ஏலே, நான் டெய்லி தொடைக்கிற காருலே. எறக்கை வச்சதே இங்கன முப்பத்தி மூவாயிரம். பெருக்கிப் பாரு. அங்கன செஞ்ச காரு கடல் தாண்டி வந்து இங்கன கம்மியா நிக்கிது, செஞ்ச ஊருல கூடவா? யாருகிட்ட கத விடுற?"

அவன் கேட்டதில் தப்பு இல்லை.

"நீ போன வாரமே தனியாப் போயிட்டு வந்தியாமே?" என்றான்.

"வந்தேன்."

"சரி" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நாலரைக்குள்ள முடி. ஏசி இல்லாத வண்டிய மட்டும் எடுத்துராத, புள்ளைக வெயில்ல வாந்தி எடுக்கும். போன் கார்டு தீருது…" போன் அறுந்தது.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "துபாய்ல நாலு, மதுரையில ஆறு. நடுவுல ரெண்டு லட்சம் எங்கன எறங்குச்சு டிரைவர்ண்ணே? பாம்பன்லயா?"

"வாய மூடுறா. அண்ணனா வெலைத்தாள அடிச்சாரு?" என்றார் தங்கச்சி.

பணம் வாங்கும் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தம்பி மத்தியான லுஹர் தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனதும் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஒரு விலைத்தாளின் பின்பக்கம் வரிவரியாக எழுதிக் காட்டினார். தொழிற்சாலையில் ஒரு விலை. வாசலைத் தாண்டுமுன் அரசாங்க வரி. கடையில் விற்கும்போது விற்பனை வரி. ஆர்டிஓ ஆபீசில் ஆயுள் வரி. பிறகு இன்சூரன்ஸ்.

"கப்பல் ஏறுற காருக்கு இந்த வரியெல்லாம் கிடையாதுங்க. எறங்குற ஊர்ல கொஞ்சமா போடுவாங்க. அதான் அங்க கம்மி" என்றார். பேனாவை மூடப் போனவர் மறுபடி திறந்தார். "இன்னொண்ணு. அங்க ஏசி இல்லாத காரே விக்க மாட்டாங்க. நமக்கு நடு மாடல்னா அவங்களுக்கு அதுதான் ஆரம்ப மாடல்."

அது எனக்கு வெகு நாள் மனசில் நின்றது. வெயில் இரண்டு ஊரிலும் வெயில்தான். வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் மத்தியானம் வண்டியை நிறுத்தினால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. அங்கே ஏசி காரோடு பிறக்கிறது. இங்கே அதற்குத் தனி விலை.

விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் பணச் சிக்கல் தீரவில்லை. நாலரைக்குள் முடிக்க வேண்டும், ஏசியும் வேண்டும். தங்கச்சி பிள்ளைக்கு ஜூஸ் கொடுத்துக்கொண்டு கடையின் மாடியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சும்மா திரும்பிப் போய், இன்னும் பணம் அனுப்பு என்று அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தச் சரி மறுபடி வரும். வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்றும் வரலாம்.

வெளியூர் போனால் கையில் இருக்கிற காசு முழுவதையும் எடுத்துப் போவது என் பழக்கம். அம்பாசிடர் பணம் இடுப்பில் இருந்தது.

பையனைக் கூப்பிட்டு, "எனக்குன்னு சொன்ன மூவாயிரத்த பில்லுல கழிச்சிருங்க தம்பி" என்றேன். அவன் முகத்தில் மரியாதை இல்லை, இரக்கம்தான் தெரிந்தது. நடு மாடல் ஐந்து லட்சத்து இரண்டாயிரத்துக்கு நின்றது. தங்கச்சி கொடுத்திருந்த நாலரை லட்சத்து டிராஃப்டுக்கு ஒரு ரசீது. என் ஐம்பத்திரண்டாயிரத்துக்கு ஒரு ரசீது, அதில் என் பெயர்.

தங்கச்சி இறங்கி வந்து எப்படி முடிந்தது என்று கேட்டார். "கழிவு குடுத்தாங்க தங்கச்சி" என்றேன். மூவாயிரம் கழித்தது உண்மைதான். மீதியைச் சொல்லவில்லை.

தொழுதுவிட்டு வந்த தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாக்கா? கேள்வி கேட்டதும் அம்பத்தஞ்சாயிரம் எறங்கிருச்சு. கேக்காம விட்டிருந்தா அது யாரு மடியில விழுந்திருக்கும்?"

நான் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தேன். அன்றே அந்தப் பேச்சு துபாய்க்கும் போய்விட்டது.

அதன்பின் எட்டு மாதம் கூட்டாளி என்னோடு பேசவில்லை. சம்பளம் மட்டும் தேதி தவறாமல் தங்கச்சி கையால் வந்தது. வீட்டில் போன் அடிக்கும்போது நான் வாசலில்தான் நிற்பேன். "டிரைவர் நிக்கிறாரா?" என்று அவன் கேட்பதும், "நிக்கிறாங்க" என்று அவர் சொல்வதும் கேட்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ரசீதையும் அந்த அம்மா எழுதிய தாளையும் வண்டிப் பேப்பர்களோடு ஒரு பாலிதீன் கவரில் வைத்திருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாள் போனது. இப்போது சொன்னால், அப்போது ஏன் மறைத்தாய் என்றுதானே கேட்பான்?

லீவில் வந்தான். திருச்சி விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். சலாம் சொன்னான், பெட்டியை ஏற்றினான். ஏறுமுன் கைக்குட்டையை எடுத்து வண்டியின் முன்பக்கத்தை ஒரு இழுப்பு துடைத்தான், அது கைப்பழக்கம். பிறகு பின் கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்தான். அம்பாசிடர் காலத்தில் எத்தனை நெரிசலிலும் என் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

புதுக்கோட்டை, தேவகோட்டை எல்லாம் தாண்டியது. "ஏசிய கொறைக்கவா?" என்று ஒரு முறை கேட்டேன். "இருக்கட்டும்" என்றான்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் கைகாட்டினார். கவரை அப்படியே எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டு அவர் பின் ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தார். முதலாளி அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்.

பாலத்தில் ஏறுமுன் வழக்கம்போல் கண்ணாடியை இறக்கினேன். முன்னால் இரண்டும் பட்டனில் இறங்குகிறவை. தண்ணீருக்குள் பட்டன் வேலை செய்யுமா என்பது அந்த எட்டு மாதத்தில் எனக்கு வந்த புதுக் கவலை. பின்னால் காகிதம் சரசரத்தது.

"நிறுத்துலே" என்றான்.

"பாலத்துலயா?"

"நிறுத்துங்குறேன்."

நடுப் பாலத்தில், கீழே கடல் கிடக்க, நிறுத்தினேன். அவன் இறங்கிச் சுற்றி வந்து முன் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் ரசீது.

"இந்த அம்பத்திரெண்டு எதுலே?"

"அம்பாசிடரு."

"ஏன் சொல்லல?"

"நாலரைக்குள்ள முடின்ன. ஏசியும் வேணும்ன. ரெண்டும் சேந்து நடக்கல."

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது.

"எங்க கடைக் கணக்குப்பிள்ளைகிட்டக் கேட்டேன். ஒங்க ஊருல காரு வாங்குறவன் அரசாங்கத்துக்கும் சேத்துல்ல வாங்குறான்னு சிரிச்சான். அப்ப வெல சரிதான்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா சரியான வெலன்னா அது எப்படிலே அம்பத்தஞ்சு எறங்கும்? அதான் முள்ளு. வல்லாஹி, அல்லா மேல ஆணையா, எட்டு மாசமா ஒன்னையக் களவாணின்னு நெனச்சுக்கிட்டே காரு தொடச்சிருக்கேன்."

"மூவாயிரம் வாங்கியிருப்பேன்டா. கடைப் பையன் தாரேன்னான், வேணாம்னு சொல்ல வாய் வரல."

"ஒனக்கு எதுக்குத்தான் வாய் வந்துச்சு?" என்றான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். "இன்னமும் முங்கிருவோம்னு கண்ணாடிய எறக்குறியா?"

"காத்துக்கு."

"போலே. ஓட்டு."

வீட்டில் சாப்பிட்ட கையோடு இருபதாயிரத்தை என் சட்டைப் பையில் திணித்தான். தம்பியைக் கூப்பிட்டு ரசீதைப் படிக்கச் சொன்னான். தம்பி படித்துவிட்டு, "மச்சான், நான் சும்மா வெளையாட்டுக்குத்தான்…" என்று இழுத்தான். தங்கச்சி மட்டும் என் மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தார். கழிவு என்று அவரிடம் சொன்னது நான்தானே.

அடுத்த லீவில் பதினைந்தாயிரம் கொடுத்தான். அதற்கடுத்த லீவுக்கு மூன்று வருடம் ஆனது. மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் செலவு, கடையில் ஆள் குறைப்பு. ஒன்பதாயிரத்து ஐநூறுதான் கொடுக்க முடிந்தது. எண்ணிக் கொடுத்துவிட்டு, "மீதி இருக்கட்டும்லே" என்றான். "அது இருந்தாத்தான் நான் வாரப்ப திருச்சிக்கு வண்டி கொண்டு வருவ."

அந்த வண்டியை இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். பாக்கி ஏழாயிரத்து ஐநூறு ரூபாய்.